நட்டு முறுக்கும் கைகளுக்கு நாதியில்லையா?



சென்ற மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். சயான் பக்கத்தில் ஓர் அரசமரத்தடியில் லாரி ஒன்று வந்து நின்றது. நாலு பேர் குதித்தார்கள். ஐந்தே நிமிடம். இரும்புப் பெட்டி, காற்றடிக்கும் பம்பு, வைஸ் பொருத்திய பலகை, தார்ப்பாய், முக்காலி எல்லாம் லாரியில் ஏறிவிட்டன. என்ஜினைப் பிரித்துப் போட்ட ஒரு மோட்டார் சைக்கிளும், அதன் பக்கத்தில் குந்தியிருந்த ஒரு மனிதரும், அவர் கையில் இருந்த ஒரு ஸ்பானரும்தான் மிச்சம்.

அந்த மனிதரை நம் வாசகர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் ஸ்கூட்டர், ஆட்டோ, டெலிவரி வண்டி வைத்திருக்கும் நம் குடும்பங்களில் அவர் கை படாத வண்டி குறைவு. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "பேரு அச்சுல வந்தா நாளைக்கு ரெண்டு லாரி வரும் தம்பி" என்றார். ஆகவே எல்லோரும் கூப்பிடுகிறபடி மெக்கானிக் அண்ணாச்சி என்றே எழுதுகிறோம். அது எந்த அலுவலகத்தின் லாரி என்பதையும் எழுதப் போவதில்லை. நாம் பேச வேண்டியது லாரியைப் பற்றி அல்ல.

அண்ணாச்சி திருநெல்வேலிச் சீமைக்காரர். தகப்பனார் பரேலில் பஞ்சாலைத் தொழிலாளி. 1982 ஜனவரி 18-இல் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்தில் இரண்டரை லட்சம் தொழிலாளிகள் வெளியே வந்தார்கள். திரும்ப உள்ளே போகாதவர்களில் அவர் தகப்பனாரும் ஒருவர். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, டாக்சிகள் பழுதுபார்க்கும் ஒரு கேரேஜில் விட்டார்கள். முதல் வருடம் சம்பளம் கிடையாது. இரண்டு வேளை டீயும் பாவும்தான். நட்டுகளை டீசலில் கழுவுவது, பனியன் வேஸ்டால் துடைப்பது, உஸ்தாத் கேட்கும் ஸ்பானரை எடுத்துக் கொடுப்பது. ஸ்பானருக்கு இந்த ஊரில் 'பானா' என்று பெயர். "தஸ் க்யாரா", "பாரா தேரா", "சௌதா பந்த்ரா" என்று அளவைச் சொல்லிக் கேட்பார் உஸ்தாத். தவறாக எடுத்துக் கொடுத்தால் அதே பானாவால் முட்டியில் ஒரு தட்டு. அண்ணாச்சி இந்தியில் எண்ணப் படித்தது அப்படித்தான். இன்றைக்கும் பதினைந்துக்கு மேல் இந்தியில் எண்ணச் சொன்னால் கொஞ்சம் தடுமாறுவார். அதற்கு மேல் அளவுள்ள பானா அதிகம் தேவைப்படவில்லை என்று சிரிப்பார்.

அவர் கற்ற வண்டி குர்லாத் தொழிற்சாலையில் செய்த பத்மினி. பாயிண்ட் தேய்த்துச் சரிசெய்வது, கார்பரேட்டர் ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்வது, காதைக் கொடுத்து டியூன் பண்ணுவது எல்லாம் அந்த வண்டியில் படித்த பாடம். கடைசியாகப் பதிவான பத்மினி டாக்சிக்கு இருபது வருடக் கெடு முடிந்து, 2023 அக்டோபர் கடைசியில் மும்பைத் தெருக்களிலிருந்து அந்த டாக்சி போய்விட்டது. செய்தித்தாள்கள் எல்லாம் வண்டிக்குப் பிரிவுபசாரம் எழுதின. நாற்பது வருடம் அந்த வண்டியை ஓடவைத்த கைகளைப் பற்றி எழுதியவர்கள் எத்தனை பேர்?

அண்ணாச்சியின் ஒரு நாளைப் பார்த்தோமானால், காலை எட்டு மணிக்குப் பெட்டியைத் திறந்து ஊதுபத்தி கொளுத்துவார். முதலில் வருகிறவர்கள் டெலிவரிப் பையன்கள். செயின் தொங்குகிறது, பிரேக் பிடிக்கவில்லை, கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது. நின்ற காலிலேயே வேண்டும், ஒரு ஆர்டர் போனால் போனதுதான். ஒன்பதுக்கு மேல் ஆபீஸ்காரர்கள். மத்தியானம்தான் பெரிய வேலை: என்ஜின் பிரிப்பது, போர் தேய்ந்திருந்தால் லேத்துக்குக் கொடுத்து வாங்குவது, பிஸ்டன் ரிங் மாற்றுவது. வண்டியைக் கழற்றும் முன் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "டேப்பட் சத்தம், ஒண்ணுமில்ல" என்பார். அல்லது "பிக்-என்டு பேரிங் போச்சு, இத ஓட்டாதிய" என்பார். நாங்கள் பார்த்தவரையில் தவறியதில்லை.

மழைக்காலம் அவருக்கு அறுவடையும் அதுதான், ஆபத்தும் அதுதான். 2005 ஜூலை 26-ஆம் தேதியை இந்த ஊரில் யாரும் மறக்க முடியாது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மறுநாள் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் அண்ணாச்சி சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "ஸ்டார்ட் பண்ணாதிய, தள்ளிக்கிட்டு வாங்க." காற்றை பிஸ்டன் அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். முந்நூறு ரூபாயில் முடியும் வேலை முப்பதாயிரத்துக்குப் போகும். பேராசைக்காரராக இருந்தால் அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருப்பார். ஆட்டோ ஓட்டும் நம் தோழர்கள் எத்தனை பேருடைய வண்டி அந்த வாரம் தப்பியது என்பதற்குக் கணக்கு யார் வைத்தார்கள்?

கணக்கு என்றதும் அவருடைய நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் கடன். கடன் வைத்திருப்பவர்கள் சேட்டுகள் அல்லர், நாம்தான். 'நம்ம ஊர்க்காரர்தானே' என்று சொல்லி வாங்குகிறோம், 'நம்ம ஊர்க்காரர்தானே' என்று சொல்லியே கொடுக்காமல் இருக்கிறோம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்து, பதினெட்டு சதவீத வரியும் போட்டுக் கம்ப்யூட்டர் பில் நீட்டினால் மூச்சுவிடாமல் கொடுக்கிற அதே நாம், அண்ணாச்சி முந்நூறு கேட்டால் இருநூற்றைம்பதுக்குப் பேரம் பேசுகிறோம். இதை எழுத நமக்கே வெட்கமாக இருக்கிறது. அந்த நோட்டில் எங்கள் கமிட்டி உறுப்பினர்கள் இரண்டு பேர் பெயரும் இருந்தது. இப்போது இல்லை.

இரயில்வேயில் வேலை செய்கிற நமக்கு மாட்டுங்கா ஒர்க்‌ஷாப் தெரியும். 1915-இல் ஏற்பட்டது. அதற்குள்ளே வேலை செய்கிற பிட்டரும் பானாதான் பிடிக்கிறார். அவருக்கு கிரேடு உண்டு, இன்கிரிமென்ட் உண்டு, குடும்பத்தோடு ஊருக்குப் போக பாஸ் உண்டு, விரல் நசுங்கினால் ஆஸ்பத்திரி உண்டு, லீவு உண்டு. எதுவும் தானமாக வந்ததில்லை. 1974 மே 8-இல் தொடங்கி இருபது நாள் நாடு முழுவதும் இரயிலை நிறுத்தி, சிறைக்குப் போய், குவார்ட்டர்ஸைவிட்டுத் துரத்தப்பட்டவர்களின் பாடு அதில் இருக்கிறது. ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம், அதே கை, அதே பானா, அதே கிரீஸ், எதுவுமே இல்லை. கை சுளுக்கினால் அன்றைக்குக் கூலி இல்லை. நமக்கு கேட் இருக்கிறது, கேட்டில் நின்று கூட்டம் போடுகிறோம். அரசமரத்துக்கு ஏது கேட்?

இதை எங்கள் கமிட்டியில் பேசியபோது ஒரு மூத்த தோழர் எழுந்து, "அவர் தொழிலாளி அல்லவே, சொந்தத் தொழில் செய்கிறவர், சிறு முதலாளி; அவருக்காக நாம் ஏன் கொடி பிடிக்க வேண்டும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்லியாக வேண்டும். அவருடைய மூலதனம் ஒரு பெட்டி ஸ்பானர். உழைக்கிறவர் அவரே. நாளைக்கு எவ்வளவு வரும் என்பது அவர் கையில் இல்லை, எங்கே உட்காரலாம் என்பதும் அவர் கையில் இல்லை. லாரி வந்த அன்று போனது அந்த மூலதனம் முழுவதும். இவரை முதலாளி என்று ஒரு பக்கத்தில் எழுதிவைத்தால், கூலிக்காரன் என்றால் கிடைக்கிற பாதுகாப்பும் இல்லை, முதலாளி என்றால் கிடைக்கிற வங்கிக் கடனும் இல்லை. மூத்த தோழர் இன்னும் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை; தொடர்ந்து பேசுவோம்.

லாரி வந்த மறுநாள் நாங்கள் மூன்று பேர் அண்ணாச்சியோடு அலுவலகத்துக்குப் போனோம். "ஹாக்கரா?" என்று கேட்டார்கள். மெக்கானிக் என்றோம். "அப்படியானால் பட்டியலில் வராது" என்றார்கள். கடை லைசென்ஸ் கேட்டார்கள். கடை இருந்தால்தானே லைசென்ஸ். ஒன்பது நாள் நடந்தோம். அபராதம் கட்டிப் பெட்டியை வாங்கினபோது சாக்கெட் செட்டில் பாதியும் மேக்னெட் புல்லரும் இல்லை. என்னென்ன எடுத்தார்கள் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட நம்மிடம் இல்லாததால், இருந்தது என்று நிரூபிக்க வழியில்லை. அந்த ஒன்பது நாளும், பிரித்துப் போட்ட மோட்டார் சைக்கிள் நம் பையன் ஒருவனுடையது, கள்ளக்குறிச்சிப் பக்கம், உணவு டெலிவரி செய்கிறவன். வண்டி இல்லாமல் அவனும் பட்டினி.

எங்கள் குற்றத்தையும் மறைக்காமல் சொல்லுகிறோம். அந்த ஒன்பது நாளில் நாங்கள் சட்டத்தைப் படித்திருக்கவில்லை. பிறகுதான் உட்கார்ந்து படித்தோம். 2014-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தெரு வியாபாரிகள் சட்டத்தில், தெரு வியாபாரி யார் என்று சொல்லும் இடத்தில், பொருள் விற்கிறவர் மட்டும் இல்லை. தெருவில் பொதுமக்களுக்குச் சேவை அளிக்கிறவரும் சேர்த்தி என்று தெளிவாக இருக்கிறது. பழுதான வண்டியைச் சரிசெய்து கொடுப்பது சேவை இல்லையென்றால் வேறு எது சேவை? பொருளைக் கைப்பற்றினால் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும், அழுகாத பொருளாக இருந்தால் கேட்ட இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்லுகிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்றும் இருக்கிறது. ஒன்பது நாளுக்குப் பதில் இரண்டு நாளில் வந்திருக்க வேண்டிய பெட்டி அது. சட்டம் காகிதத்தில் இருந்தது, நாம் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போகவில்லை.

அந்தச் சட்டப்படி அமைய வேண்டிய நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பங்குக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். மும்பையில் அதற்கு வாக்கெடுப்பு நடந்தது 2024 ஆகஸ்டில், அதாவது சட்டம் வந்து பத்து வருடம் கழித்து. வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 32 ஆயிரம் பேர். இவ்வளவு பெரிய நகரத்தில் அவ்வளவு பேர்தான் தெருவில் பிழைக்கிறார்கள் என்று எவராவது நம்புவார்களா? அண்ணாச்சிக்கு அப்படியொரு வாக்கெடுப்பு நடந்ததே நாங்கள் சொல்லித்தான் தெரியும்.

மற்ற பட்டியல்களையும் பார்த்தோம். 2023 செப்டம்பர் 17-இல் மத்திய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டத்தில் பதினெட்டுத் தொழில்களுக்குப் பயிற்சி, கருவி, கடன் என்று அறிவித்தார்கள். தச்சர் இருக்கிறார், கொல்லர் இருக்கிறார், பூட்டுச் செய்கிறவர் இருக்கிறார், செருப்புத் தைப்பவர், சவரத் தொழிலாளி, பூக்கட்டுகிறவர் எல்லாரும் இருக்கிறார்கள். நல்லதே. மெக்கானிக் இல்லை. கையாலும் கருவியாலும் செய்கிற தொழில்களுக்கு என்றுதான் திட்டம், ஸ்பானர் கருவியில்லையா? 2021 ஆகஸ்டில் வந்த இ-ஷ்ரம் அட்டை அண்ணாச்சியிடம் இருக்கிறது, பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக. "இத வச்சி என்ன செய்யணும் தம்பி?" என்று கேட்டார். எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

இனி வரப்போவது லாரியைவிடப் பெரிய சங்கடம். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கிற வண்டிகள் எல்லாம் பாரத் ஸ்டேஜ் 6 தரத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம். மோட்டார் சைக்கிளில் கார்பரேட்டர் போய் எஃப்.ஐ. வந்துவிட்டது. எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை சென்சார்கள் சொல்ல, ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி தீர்மானிக்கிறது. ஒரு சென்சாரின் ஒயர் மழையில் நனைந்து அழுகினாலும் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும். எந்த ஒயர் என்று தெரிந்துகொள்ள ஸ்கேனர் வேண்டும். காதைக் கொடுத்துக் கேட்டால் போதாது. புகை குறைய வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. இந்த ஊர்க் காற்றை மூச்சுவிடுகிறவர்கள் நம் பிள்ளைகள்தான். ஆனால் அந்தப் பெட்டியைத் திறக்கும் சாவியைக் கம்பெனி மட்டும் வைத்துக்கொள்வது எந்த நியாயம்? மஞ்சள் விளக்கு எரிகிற வண்டியை அண்ணாச்சி இப்போது திருப்பி அனுப்புகிறார். நாற்பது வருடத்தில் வண்டியைப் பார்த்துத் தெரியாது என்று சொன்ன அனுபவம் அவருக்குக் கிடையாது. அதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இது அண்ணாச்சி ஒருவருடைய புலம்பல் என்று நினைத்துவிட வேண்டாம். உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காதபடி செய்தார்கள் என்று, 2011-இல் வந்த ஒரு புகாரின் பேரில் விசாரித்து, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் பதினான்கு கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. பிறகு 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஒரு கமிட்டி அமைத்தது. அந்த வருடம் டிசம்பர் 24-இல் இணையத்தில் ஒரு தளமும் திறந்தது. வாகனங்களும் அதில் ஒரு பிரிவு. கம்பெனிகள் விவரங்களை அதில் போட வேண்டும் என்பது ஏற்பாடு. தளம் வேறு, சட்டம் வேறு என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆயினும் அரசாங்கமே ஒப்புக்கொண்ட உரிமை இது என்று சொல்லிப் பேச நமக்கு அது ஒரு பிடி.

அண்ணாச்சி தரப்பில் எல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டோம். கழித்த என்ஜின் ஆயிலைச் சாக்கடையில் கொட்டுகிற பழக்கம் தெருமெக்கானிக்குகளிடம் இருக்கிறது. நடைபாதை முழுவதையும் வண்டிகளால் அடைத்துவிட்டால் வயதானவர்கள் சாலையில் இறங்கி நடக்கிறார்கள்; அவர்களும் நம் அம்மா அப்பாதான். எல்லாவற்றையும்விட, சின்னப் பையன்களை வேலைக்கு வைப்பது. 2016 திருத்தத்துக்குப் பிறகு பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் இருக்கட்டும், முட்டியில் பானா அடி வாங்கி வளர்ந்த அண்ணாச்சியிடம் இதைக் கேட்டோம். "என் பெட்டிகிட்ட சின்னப் பயல யாரையும் நான் சேக்கதில்ல. பத்து பாஸ் பண்ணிட்டு வாலேன்னு அனுப்பிருவேன்" என்றார். எல்லாருமே இவரைப்போல இருக்கிறார்கள் என்று நாம் பொய் சொல்லக் கூடாது.

எங்கள் கமிட்டி இப்போதைக்கு எடுத்திருக்கும் முடிவுகள் சில. சயான், தாராவி, கோலிவாடா வட்டாரத்தில் உள்ள நம் தெருமெக்கானிக்குகள் எல்லோருடைய பெயர், இடம், எத்தனை வருடமாக அந்த இடத்தில் இருக்கிறார்கள் என்ற விவரத்தைச் சங்கமே எழுதும். பழைய போட்டோ, அபராத ரசீது, பக்கத்துக் கடைக்காரர் சாட்சி எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். 2014 சட்டப்படி சேவை அளிப்பவர்கள் என்று அவர்களைச் சேர்க்கச் சொல்லி எழுத்து மூலம் மனு கொடுப்போம். மனுவை மராத்தியில் எழுதித்தர ஒரு தோழர் முன்வந்திருக்கிறார். ஸ்கேனர் ஒன்றைப் பத்துப் பேர் சேர்ந்து வாங்கி, சங்கத்தின் அறையில் வைத்து முறைபோட்டு எடுத்துக்கொள்ள அண்ணாச்சியும் இன்னும் நாலு பேரும் சம்மதித்திருக்கிறார்கள். மீதி ஐந்து பேர் வேண்டும். படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகள் மாலையில் ஒரு மணி நேரம் வந்து அந்தக் கருவியில் வரும் ஆங்கில எழுத்தைச் சொல்லிக்கொடுத்தால் போதும். வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்கிற ஒவ்வொருவரும் வங்கியில் வருடத்துக்கு இருபது ரூபாய் கட்டும் விபத்துக் காப்பீட்டில் சேர வேண்டும். இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம் கிடைக்கும். படிவம் சங்கத்தில் இருக்கிறது. கடன் வைத்திருப்பவர்கள் கொடுத்துவிட வேண்டும். இதற்குத் தீர்மானம் எதுவும் தேவையில்லை.

மெக்கானிக்குகள் கூட்டத்தை ஞாயிறு காலையில் வைக்கலாம் என்று முதலில் நினைத்தோம். "ஞாத்துக்கெழமைதான் தம்பி வேல, எல்லாருக்கும் லீவு அன்னைக்குத்தான" என்றார் அண்ணாச்சி. ஆகவே ஞாயிறு இரவு எட்டரை மணிக்குச் சங்க அறையில் வைத்திருக்கிறோம். கையைக் கழுவிவிட்டு வரவேண்டிய அவசியமில்லை, பாய்தான் விரித்திருக்கும்.